புளியங்கொட்டை மாவு பற்றிய நாள்

ஐம்பதுகளின் நடுவில், கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கிய கையோடு, கிருஷ்ணகிரியில் ஓசூர் ரோட்டோரம் இருந்த ஒரு புளியங்கொட்டை மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, மாவாக அரைத்துத் துணி ஆலைகளுக்கு அனுப்புவார்கள். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட அந்த மாவுதான். அதன் ஈரத்தையும் பசையையும் பார்த்துச் சொல்வது என் வேலை.

அந்தக் கோடையில், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி ஒரு மில் வெடித்துச் சிலர் செத்துப்போனார்கள். உள்ளே வெடிமருந்து இருந்ததாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் முதலாளி பாய் அதை நம்பவில்லை.

"மாவு எப்படிங்க தம்பி வெடிக்கும்? படிச்சவரு நீங்க, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

முதலில் மாவைத் தட்டில் குவித்து நெருப்பு வைத்தேன். ஓரம் கருகிப் புகைந்தது, அவ்வளவுதான். பிறகு ஒரு பிஸ்கட் டின்னின் அடியில் துளை போட்டு ரப்பர் குழாயைச் செருகினேன். டின்னுக்குள், குழாய் வாயில் ஒரு கரண்டி மாவு, பக்கத்தில் எரியும் மெழுகுவத்தி. மூடியை அழுத்திவிட்டு ஊதினேன். ஒன்றும் நடக்கவில்லை. மாவை வெயிலில் காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து மறுபடி ஊதினேன். மூடி பறந்துபோய் ஓட்டில் இடித்தது. கொரகொரப்பான மாவு பற்றவில்லை. அதிகமாகப் போட்டால் மெழுகுவத்தியே அணைந்தது. காய்ந்த, நைசான மாவு காற்றில் பரவி நின்றால்தான் ஆபத்து. அப்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் காற்று இருக்கிறது; எல்லாம் ஒரே நொடியில் எரிந்துவிடுகிறது.

எஞ்சினையும் ஆட்களையும் கவனித்துக்கொண்ட மேஸ்திரி பார்த்துச் சிரித்தார். "டின்னுல வெடிக்குதுங்க சார். மில்லு என்ன டின்னா?"

நான் மேலே பார்த்தேன். உத்தரத்தில் விரல் புதையும் அளவுக்கு மாவு படிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த அரைக்கும் அறையில் என்னால் நிம்மதியாக நிற்க முடியவில்லை.

ஒரு நாள் காலை கருகல் வாடை வந்தது. வறுக்கிற வாடை இல்லை. ஆள் உயர மாவுப்பெட்டியின் இடுக்கிலிருந்து நூல்போலப் புகை. வறுத்த கொட்டையோடு கங்கு ஏதோ உள்ளே போயிருக்க வேண்டும். பக்கத்து அறையில் பெண்கள் மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி ஊத்துங்கப்பா, சீக்கிரம்" என்றார் முதலாளி. மேஸ்திரி வாளியோடு ஏணியில் ஏறிவிட்டார்.

"ஊத்தாதீங்க மேஸ்திரி" என்றேன்.

"எரியுதுங்க சார்."

"இப்போ புகையுது, அவ்ளோதான். மேலேருந்து தண்ணிய அடிச்சா மாவு எழும்பும். எழும்பினா நெருப்பு அதப் புடிச்சிக்கும். டின்ன நெனச்சிப் பாருங்க."

அவர் வாளியைச் சாய்க்காமல் ஏணியிலேயே நின்றார். முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எறங்குங்க. மொதல்ல பொம்பளைங்கள வெளிய அனுப்புங்க" என்றார் கடைசியில்.

மேஸ்திரி தெலுங்கில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை சத்தம் போட்டார். பெண்கள் சல்லடைகளைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். எஞ்சினை நிறுத்தினார். அமைதியில் பெட்டிக்குள் மெலிதாக ஒரு சரசரப்பு கேட்டது.

நானும் அவரும் நனைத்த சாக்குகளை இடுக்குகளில் மெல்லத் திணித்தோம். இன்னொரு சாக்கு எடுக்கத் திரும்பினேன். உள்ளே கருகிக் கூடுபோல வெறுமையாகியிருந்த மாவு சரிந்து, பெட்டிக்குள் தூசியாக எழும்பியது.

"சார்" என்றார் மேஸ்திரி.

அடங்கிய சத்தத்தோடு மூடி எழும்பி, மஞ்சள் நெருப்பு உத்தரத்தைத் தொட்டது. அங்கே படிந்திருந்ததெல்லாம் திரைபோல இறங்கியது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வாசலைத் தாண்டி நாங்கள் விழுந்தபோது இரண்டாவது சத்தம் கேட்டது. ஓடுகள் ரோடுவரை பறந்தன.

மேஸ்திரிக்கு இடது கை முழங்கைவரை வெந்துவிட்டது. என் புருவம் கருகியது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நடுச்சுவர் சரிந்து, பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் செங்கல்லாகக் குவிந்து கிடந்தது.

திரும்பக் கட்டியபோது முதலாளி வறுக்கும் அடுப்பை அரைக்கும் அறையிலிருந்து தள்ளி, தோட்டத்துக் கோடியில் வைத்தார். கட்டுப் போட்ட கையோடு வந்த மேஸ்திரி, தினமும் ஈரத்துணியால் சுவரையும் உத்தரத்தையும் துடைக்க வைத்தார். சலிக்கிற பெண்கள் மட்டும் உள்ளே உட்கார மறுத்து, வேப்பமரத்தடியில் சல்லடைகளை வைத்துக்கொண்டார்கள்.