வேண்டாம் என்று சொல்ல ஓர் இடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை டிபன் முடிந்த கையோடு என் மாப்பிள்ளை ஆளுக்கொரு வெள்ளைத் தாளை நீட்டினார். கூடவே ஒரு பேனா.

பரீட்சையா? கிட்டத்தட்ட அப்படித்தான்.

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — என் மகள் கவிதாவுக்கு வேலை அமெரிக்காவில். அவள் கல்யாணம் செய்துகொண்டது டேனியல் என்ற யூத இளைஞரை. இருவரும் பத்து நாள் லீவில் ராஜபாளையம் வந்திருந்தார்கள். எங்கள் ஊர் வெயிலையும் என் மனைவி சரோஜாவின் காரக்குழம்பையும் டேனியல் ஒரே மாதிரிதான் சமாளித்தார். வியர்க்க விறுவிறுக்க... ஆனால் சிரித்த முகமாக.

அவர்களுடைய புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் டேனியல் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருவார்களாம். வரும் வருடம் எதற்கெல்லாம் தர்மம் செய்வது என்று பேசி முடிவெடுப்பார்களாம். யார் வந்து கேட்கிறார்கள் என்று பார்த்து அல்ல. நமக்கு எது முக்கியம் என்று பார்த்து.

"அவங்க பாஷையில தர்மத்துக்கு செதாக்கான்னு பேரு. அதுக்கு இரக்கம்னு அர்த்தம் இல்லப்பா. நியாயம்னு அர்த்தம்" என்றாள் கவிதா.

டேனியலின் கொள்ளுத்தாத்தா, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொந்த ஊரைவிட்டு ஓடி வந்தவர். அதனால் அவர்கள் வீட்டுத் தாளில் முதல் வரி எப்போதும் ஒன்றுதான் — வீடு வாசலை இழந்து வந்தவர்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

நானும் என் தாளில் விறுவிறுவென்று எழுதினேன். கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல்.

கவிதா எட்டிப் பார்த்தாள். "அப்பா... இது ப்ளஸ் டூ கட்டுரை."

டேனியல் சிரிக்கவில்லை. "மாமா, இதுல எதை நினைச்சு உங்களுக்கு மனசு கஷ்டமாச்சு?" என்று மகள் மூலமாகக் கேட்டார்.

யோசித்தேன். சுற்றுச்சூழலை நினைத்து நான் என்றைக்கு ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளினேன்?

டேனியலின் பார்வை சுவரில் இருந்த போட்டோவுக்குப் போனது. நானும் என் காலை நடை நண்பர்களும் போன வருடம் தேவதானம் பள்ளிக்கூடத்தில் நோட்டுப் புத்தகம் கொடுத்த படம். நாங்கள் பன்னிரண்டு பேரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறோம். நடுவில் நோட்டை வாங்கும் சிறுமி மட்டும் தரையைப் பார்க்கிறாள்.

"அந்தப் பொண்ணு ஏன் கீழே பார்க்குது?" என்றார் டேனியல்.

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா சொன்னாள்: "குடுத்த நோட்டைத் திரும்ப வாங்கி, மறுபடி குடுத்து... மூணு தடவை அப்படிச் செஞ்சா பிள்ளை எங்கிட்டுப் பாக்கும்? ஒருக்க இவரு கண்ணை மூடிட்டாரு. ஒருக்க நடைக் குழுத் தலைவரு சட்டை காலரு சரியில்ல."

அன்றைக்கு அவளும் அங்கே இருந்தாள். ஒரு வருடமாக இதைச் சொல்லவில்லை.

சரோஜாவின் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி. 'வாங்குறவங்க தலை குனியக் கூடாது.'

கவிதா மொழிபெயர்த்ததும் டேனியல் எழுந்தே நின்றுவிட்டார். வாங்குபவரைக் கூச்சப்பட வைக்காமல் கொடுப்பது அவர்களிடமும் பழைய விதியாம். மாமியாரும் மருமகனும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறு வாரமே சோதனை வந்தது. மம்சாபுரத்தில் மூன்று பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுக்க எங்கள் நடைக் குழு முன்பே ஏற்பாடு செய்திருந்தது. மேடை, மைக், பொன்னாடை எல்லாம் உண்டு. நான் தலைவரிடம் போனேன். அவன் பெயர் ராமச்சந்திரன். பள்ளிக்கூடத்திலிருந்தே தோஸ்த்.

"மேடை வேண்டாம். வீட்டுக்கே போய்க் குடுத்துருவோம்."

"ஏலே, உனக்கு என்னலே ஆச்சு? ஃப்ளெக்ஸ் டிசைனே வந்துட்டு. உன் போட்டோவும் பெருசா இருக்கு."

பொய் சொல்ல மாட்டேன்... அந்த 'பெருசா' என்னைக் கொஞ்சம் அசைத்தது.

"பேனர் இல்லாமக் குடுத்தா நாம குடுத்தோம்னு யாருக்குலே தெரியும்?"

"வாங்குனவங்களுக்குத் தெரியும்ல?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை காரோடு வாசலில் வந்து நின்றான். "ஏறு. முதல்ல போய்ப் பாத்துட்டு வருவோம். மெஷின் பொறவு வரட்டும்."

சரோஜாவும் ஏறிக்கொண்டாள்.

முதல் இரண்டு வீட்டிலும் சந்தோஷம். ஒரு பெண் எந்த மாடல் வேண்டும் என்றுகூடத் தெளிவாகச் சொன்னார். மூன்றாவது வீடு மாரியம்மாளுடையது. கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். விஷயத்தைச் சொன்னதும் வீட்டு மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

சரோஜாதான் கேட்டாள். "உனக்கு என்ன வேணும்னு சொல்லும்மா. மெஷின்தான் வாங்கணும்னு இல்ல."

மாரியம்மாள் மூலையில் இருந்த ஒரு பழைய சேலையை விலக்கினார். உள்ளே... தையல் மெஷின். புத்தம் புதுசு. அதன் மேல் பிள்ளைகளின் புத்தகப் பை.

"போன வருசம் வேற ஒரு சங்கத்துக்காரவ விழாவுல குடுத்தாவ. எனக்குத் தைக்கத் தெரியாது அண்ணாச்சி. நான் இட்லி மாவு ஆட்டி விக்கேன். பக்கத்து வீட்டு கிரைண்டருதான். அவிய ஆட்டி முடிச்ச பொறவுதான் நமக்கு. சொந்தமா ஒண்ணு இருந்தா இன்னும் நாலு வீட்டுக்குக் குடுப்பேன்."

"இதை அங்கேயே சொல்ல வேண்டியதுதானம்மா?" என்றான் ராமச்சந்திரன்.

"மைக்குல பேரைக் கூப்பிட்டுட்டாவ. அம்புட்டு பேரும் கை தட்டுதாவ. அங்க நின்னு எப்படி வேண்டாம்னு சொல்ல?"

திரும்பும்போது ராமச்சந்திரன் மெதுவாகச் சொன்னான். "நாம குடுத்ததுல எம்புட்டு, யாரு வீட்டுல சேலை போட்டு மூடிக் கெடக்கோ?"

கொடுக்கும் மனசு நம்மில் பலருக்கு இருக்கிறது. கேட்கும் பொறுமை? எதிரே இருப்பவர் 'வேண்டாம்' என்று சொல்ல ஓர் இடம் விட்டு, எத்தனை முறை கொடுத்திருக்கிறோம்?

மற்ற இரண்டு பெண்களுக்கும் மெஷின் போனது. போன வாரம் மாரியம்மாள் வீட்டில் கிரைண்டரை இறக்கி வைத்தோம். போட்டோ எடுக்கவில்லை. மூலை காலியாக இருந்தது.

"மெஷின் எங்கம்மா?"

"எதிர்த்த வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. டெய்லரிங் படிச்சிருக்கா."

ராமச்சந்திரனுக்கு இப்போது புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டிருக்கிறது அல்லவா... பெரிய மனிதத் தோரணையில் கேட்டான். "அந்தப் பிள்ளைகிட்ட வேணுமான்னு கேட்டியாம்மா?"

மாரியம்மாள் அவனை வினோதமாகப் பார்த்தார்.

"கேக்காம எப்படி அண்ணாச்சி குடுக்க?"