ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு தாய்

பணிமனையில் அந்த ஓட்டுநரை எல்லோரும் 'மெத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பேரல்ல, ஆள் ஒல்லி. அவள் பேருந்தை நிறுத்தினால் நின்றுகொண்டு வரும் கிழவர்கூடக் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை. நாற்பதை நெருங்கும் வயதில், ஒரு கல்யாணத்தையும் அதன் முறிவையும் தாண்டி, தனக்கென்று அவள் சம்பாதித்தது அந்த ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான். அதன்மேல்தான் அவளைப் பெற்றவளின் கண் விழுந்தது.

மகள் தனியாக ஓர் அறை எடுத்துப் போனதும் இது தொடங்கியது. வீட்டில் கரித்துக்கொட்ட ஆளில்லாவிட்டால் அந்த அம்மாளுக்கு நாக்கு அரிக்காதா? முதியோர் இலவச பாஸை எடுத்துக்கொண்டு காலையிலேயே மகள் ஓட்டும் பேருந்தில் ஏறி, அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துவிடுவாள். கடைசி நிறுத்தம்வரை போவாள், அதே வண்டியில் திரும்புவாள். 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று கண்ணாடிக்கு மேல் எழுதியிருக்கும். அந்த விதியை அவள் ஒரு நாளும் மீறவில்லை. மகளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் மகளைப் பற்றிப் பேசுவாள்.

"ஓட்டுறாளே, நான் பெத்ததுதான். எட்டாவது படிக்கிறவரைக்கும் படுக்கையிலயே மூத்திரம். தினம் ஒரு போர்வை துவைப்பேன். புருஷன் ஏன் விட்டுட்டுப் போனான்னு கேளுங்களேன்."

கேட்பார்கள். 'போதும்மா, விடுங்க' என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வந்ததில்லை. நெரிசலில் நேரம் போகாமல் தவிக்கிறவர்களுக்கு ஓசியில் ஒரு கதை கிடைத்தால் விடுவார்களா? வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இறங்கும்போது ஓட்டுநரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போவார்கள். அம்மாவின் கையைப் பிடித்து, "பாத்துப் போங்கம்மா" என்பார்கள்.

மெத்தை வழித்தடத்தை மாற்றிக் கேட்டு வாங்கினாள். இரண்டாம் நாளே புது வழித்தடத்தில் அம்மா கை நீட்டி நின்றாள். சொல்லிக்கொடுத்தது பணிமனையின் நேரக்காப்பாளர்.

"பாவம், உனக்குச் சாப்பாடு எடுத்துட்டு வந்திருந்தாங்க. எந்த வண்டின்னு தெரியாம அலையுறாங்களேன்னு சொன்னேன்" என்றார், புண்ணியம் கட்டிக்கொண்ட முகத்தோடு. அந்தச் சாப்பாட்டு டப்பா மெத்தையின் கைக்கு வந்ததே இல்லை. அடுத்து மாற்றி வாங்கிய தடமும் அப்படித்தான் தெரிந்துபோனது. அம்மா என்று சொல்லிக்கொண்டு வந்தால் இந்த உலகத்தில் திறக்காத கதவு ஏது!

மேலாளரிடம் போனாள். அவர் நல்ல மனிதர், நல்ல மனிதர்கள் செய்வதைத்தான் செய்தார். விதிகளைப் புரட்டினார்.

"குடிச்சுட்டு ஏறுறாங்களா? இல்ல. அடிச்சாங்களா? இல்ல. பாஸ் இருக்கு. நான் எந்த விதியைச் சொல்லி இறக்கிவிட? வயசானவங்க, நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

அனுசரித்துத்தான் போனாள், அந்த வெள்ளிக்கிழமைவரை. அன்று பக்கத்தில் உட்கார்ந்த கர்ப்பிணி ஒருத்தி, "உங்க பொண்ணு வண்டி ஓட்டுறது தூக்கம் வர்ற மாதிரி இருக்கும்மா" என்று தெரியாத்தனமாகப் பாராட்டிவிட்டாள். அம்மாவுக்குப் பொறுக்குமா?

"வயித்துல வந்த ரெண்டையும் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவ. உங்களையெல்லாம் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்ப்பாளாம்!"

யாரோ சிரித்தார்கள். மெத்தைக்குக் கண் இருட்டியது. சிவப்பு விளக்கு தெரியவில்லை. குறுக்கே வந்த லாரிக்காரன் பிரேக்கை மிதித்ததால் அத்தனை பேரும் பிழைத்தார்கள். "நான் சொன்னேன்ல?" என்றாள் அம்மா, வண்டி குலுங்கி நின்றதும், வெற்றி பெற்ற குரலில்.

இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, வண்டி கழுவும் கொட்டகைக்குத்தான் என்று மேலாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதும்போதும், "அம்மா மனசு நோகாம பாத்துக்க" என்றார்.

அதற்கு மேல்தான் அவள் இலவச சட்ட உதவி மையத்தின் படியேறினாள். வாசலில் இருந்த எழுத்தர், "உங்க அம்மாவை நீங்க கொடுமைப்படுத்துறதா புகாரா?" என்று கேட்டார். இல்லை, மாற்றி என்றதும் பேனாவை மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெற்றோருக்குச் சட்டம் இருக்கிறது, புருஷனிடம் அடிபடுகிறவளுக்கு இருக்கிறது, குழந்தைக்கு இருக்கிறது. வளர்ந்து ஆளான பிறகும் அம்மாவிடம் சாகிறவளை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே இருந்த வக்கீலம்மாவுக்குத் தெரிந்தது. "குடும்பத்துல ஒருத்தர் இன்னொருத்தர் மனசைச் சிதைச்சாலும் அது வன்முறைதான்னு சட்டம் சொல்லுது. புருஷன்னு மட்டும் போடல, மாமியார்னு மட்டும் போடல. அம்மா என்ன, குடும்பத்துல சேர்த்தி இல்லையா?" என்று சிரித்தாள். "ஆனா நீங்க வாய் திறந்து சொல்லணும். அவங்க சொன்னதை அப்படியே சொல்லணும்."

சம்மன் போனதும், வெளியூரில் சௌகரியமாக இருந்த அண்ணனின் போன் வந்தது. "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுங்கிறது சரியாப் போச்சு. அம்மாவைக் கோர்ட்டுக்கு இழுத்த முதல் ஆள் நீதான்டி."

"அப்போ நீ கூட்டிட்டுப் போய் உன்கூட வச்சுக்கோ அண்ணா."

லைன் கட்டாகிவிட்டது. பித்துப்பிடித்த மனத்தைத் தூரத்திலிருந்து கும்பிடுவது எவ்வளவு சுலபம்!

விசாரணை அன்று அம்மா இருப்பதிலேயே பிய்ந்த செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

"அப்படி என்னம்மா சொன்னாங்க?" என்று நீதிபதி மெத்தையிடம் கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. அம்மா பேசும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தே பழகிய வாய். அந்தச் சொற்களைத் தன் நாக்கில் எடுக்கவே அவளுக்கு அருவருத்தது. வக்கீலம்மா முழங்கையைத் தொட்டாள். அப்போதும் வரவில்லை.

"சொல்லலைன்னா எதை வச்சு நான் உத்தரவு போடுறது?" நீதிபதி வழக்குக் கட்டை மூடப் போனார்.

"அவ எப்படிய்யா சொல்லுவா?" அம்மா எழுந்துவிட்டாள். "நான் சொல்றேன். பொய்யா சொன்னேன்?" நீதிபதியைப் பார்த்துத் தொடங்கியவள், பாதியிலேயே பெஞ்சுகளில் இருந்த கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு அப்படி. போர்வை, புருஷன், வயிற்றில் தங்காத இரண்டு, எல்லாம் வரிசையாக வந்தன, எங்கே சிரிக்க வைக்க வேண்டுமோ அங்கே நிறுத்தி நிறுத்தி. பின்வரிசையில் ஒருவன் சிரிக்கவும் செய்தான், த்தூ!

நீதிபதி சிரிக்கவில்லை. "இதை தினமும் சொல்லுவீங்களா?"

"புது ஆள் ஏறுறப்பல்லாம் சொல்லுவேன். இதுல என்னங்கய்யா இருக்கு? என் பொண்ணுதானே?"

கட்டு மறுபடி திறந்தது. மகள் ஓட்டும் எந்த வண்டியிலும் தாய் ஏறக் கூடாது, அவள் அறைக்கோ பணிமனைக்கோ போகக் கூடாது என்று உத்தரவானது.

உத்தரவு காகிதத்தில்தான் இருக்கும், அம்மா நிறுத்தத்தில் இருப்பாள். மறுநாள் காலை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கை நீட்டிய ஆளை விட்டுவிட்டுப் போக ஓட்டுநருக்கு உரிமை கிடையாது. மெத்தை வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தாள்.

"இந்த வண்டியில நீ ஏறக் கூடாதும்மா. கோர்ட் உத்தரவு. அடுத்த வண்டி பின்னாலயே வருது."

அம்மா அப்போதும் அவளைப் பார்க்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "கேட்டீங்களா? பெத்தவளை ஏத்த மாட்டாளாம்!" என்றாள்.

வண்டி முழுக்கப் பொங்கிவிட்டது. "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? நல்லா இருப்பியா?" என்றது ஒரு குரல். "அதான் இவளுக்குப் பிள்ளை தங்கல" என்றது இன்னொன்று, தினமும் சிரித்துச் சிரித்துக் கேட்ட பாடம். ஒரு பெரியவர், "இந்தப் பாவம் எனக்கு வேண்டாம்" என்று இறங்கிப்போய் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டார். அம்மா அவரிடம் பேச ஆரம்பித்தாள்.

மெத்தை கதவை மூடி வண்டியை எடுத்தாள். பின்னால் வசவு ஓயவில்லை. அன்றைப்போலக் கண் இருட்டும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி தாமதமானால் திட்டுவார்கள், சீக்கிரம் வந்தாலும் திட்டுவார்கள், மழை பெய்தாலும் ஓட்டுநரைத்தான் திட்டுவார்கள். இவர்கள் பயணிகள். ஒருத்தரும் அவளைப் பெற்றவர் இல்லை.

"அடுத்த நிறுத்தத்துல யாரு இறங்குறீங்க?" என்று கேட்டாள்.

திட்டிக்கொண்டே இரண்டு பேர் மணியை அழுத்தினார்கள்.