சகாயம்மாள் ஒட்டிய மஞ்சள் சீட்டு

திருவாரூர் தாண்டி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் பாதையில் சகாயம்மாளின் இட்லிக் கடை இருக்கிறது. அவர் வாய்க்கு ஊரே பயப்படும். நடைப்பயணம் வரும் பெண்களிடம் மட்டும் அந்த வாய் வெல்லமாகிவிடும். அவர்கள் வந்ததும் மூங்கில் கொத்துக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால் படித்துறைக்கு அனுப்பிவைப்பார். நாலைந்து நாள் நடந்த பெண்கள் யார் கண்ணிலும் படாமல் குளித்து, சேலை மாற்ற வழியில் அது ஒன்றுதான் இடம். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே அப்படியொரு இடம் இருப்பது தெரியாது. அவ்வளவு கட்டுப்பாடு.

போன வருஷம் சித்திரையில் அனுராதா என்ற சுற்றுலா ஆராய்ச்சியாளர் எங்கள் ஊரில் ஒரு பயிலரங்கு நடத்தினார். கேள்வித்தாள் எதுவும் கிடையாது. ஊர்க்காரர்களே கூடி உட்கார்ந்து பாதையை வரைய வேண்டும். தெரிந்ததை மஞ்சள் சீட்டில் எழுதி அதில் ஒட்ட வேண்டும். பெண்களுக்குத் தனி மேசை. "நீங்களும் ஆராய்ச்சியாளர்தான்க்கா" என்றதும் எட்டாவதோடு நின்ற சகாயம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்தாலும் படித்துறையை எழுதும் முன் கேட்டிருக்கிறார்.

"இது பொம்பளைங்க விஷயம்மா. வெளிய போகக் கூடாது."

"உங்களக் கேக்காம எதுவும் போகாதுக்கா. சத்தியமா."

ஆடியில் அந்த வரைபடம் ஒரு சுற்றுலா செயலியில் வந்துவிட்டது. படித்துறைக்கு 'யாரும் அறியாத அழகிய இடம்' என்று பெயர், கூடவே வழியும். நான் அதை முதன்முதலில் பார்த்ததே என் மகனுடைய போனில்தான். கார்கள் வந்தன, காமிராக்கள் வந்தன. சகாயம்மாள் அனுராதாவைப் போனில் பிடித்தார்.

"மேல கேட்டாங்கக்கா, குடுக்க வேண்டியதாப் போச்சு. ஆனா உங்க பேரை எங்கயும் போடல. கவனமா மறைச்சிட்டோம்."

"என் பேரை யாரு மறைக்கச் சொன்னா? எடத்தையில்ல மறைக்கச் சொன்னேன்!"

இதற்குப் பெயர் ஆராய்ச்சி. எங்கள் ஊரில் நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்போம்.

ஆவணியில் மணப்பாறைப் பக்கமிருந்து பொன்னுத்தாய் தன் கூட்டத்தோடு வந்தார். இருபது வருஷப் பழக்கம். சகாயம்மாள் தடுப்பதற்குள் படித்துறைக்குப் போனவர்கள் வியர்த்த சேலையோடு அப்படியே திரும்பி வந்தார்கள். அங்கே பையன்கள் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்களாம்.

"எந்த எடுபட்டவ காட்டிக்குடுத்தாளோ!" இட்லியைப் பிட்டபடி பொன்னுத்தாய் சபித்தார்.

பெயர்தான் எங்கேயும் இல்லையே, பேசாமல் இருந்துவிடக் கூடாதா என்று நான் தவித்தேன். சகாயம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான்தான் பொன்னுத்தாயி. வெளிய போகாதுன்னு சத்தியம் பண்ணாங்க. நம்பிட்டேன்."

 பொன்னுத்தாய் பாதி இட்லியோடு எழுந்து கை கழுவினார், பையை எடுத்துக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

இந்த வருஷம் அந்தக் கூட்டம் எங்கள் ஊரில் நிற்காமலே கடந்து போனது. சகாயம்மாள் அவர்களுக்காக நூற்றைம்பது இட்லி அவித்து வைத்திருந்தார்.