கண்ணைப் பாதி மூடிப் பார்த்த துணிகள்

நேற்று கடையில் புதுத்துணியைப் பிரித்தபோது எழுந்த கஞ்சி வாசனையில், முதலியார்பேட்டையில் இடித்துப் போட்ட எங்கள் மில் குடியிருப்பு வீடு திரும்ப வந்தது. எண்பதுகளில், மில்லை மூடியபின், அம்மா மூட்டை மூட்டையாக வெட்டுத்துணி வாங்கிவந்து, வெளிறிய துண்டும் அழுத்தமான துண்டும் மாறிமாறி வரும் ஒட்டுப்போர்வை தைத்தாள். சிவப்பும் பச்சையும் கண்ணை ஏமாற்றும் என்பதால், விளக்கேற்றுமுன் மங்கிய வெளிச்சத்தில் என்னை உட்காரவைத்து, "கலர பாக்காத, கண்ண பாதி மூடிக்கினு பாரு" என்பாள். அப்படிப் பார்த்தால் நிறமெல்லாம் அடங்கி வெளிறியதும் அழுத்தமானதும் மட்டும் மிஞ்ச, லைட்டு ஒரு குவியல், டார்க்கு ஒரு குவியலென்று கைகள் தாமாகப் பிரிக்கும். அப்பாவோ, இப்போது ஊதாத மில் சங்கின் நேரத்துக்கு விடியலில் எழுந்து குளித்துவிட்டு, பகலெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒரு சாயங்காலம் டார்க்குத் துணி தீர்ந்துபோனது. காலையில் போர்வையைக் கொடுத்தால்தான் வீட்டில் உலை. அம்மா தன் புடவைகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தன. கடைசியில் அவள் பார்வை கொடியில் நின்றது. மூடுவதற்குச் சற்றுமுன் மில்லில் கொடுத்த நீலச் சட்டை, அப்பா ஒருநாளும் உடுத்தாதது, அங்கே தொங்கியது.

"அத தொடாத. மில்லு தொறந்தா இன்னாத்த போட்டுக்கினு போவேன்?" என்றார் அப்பா.

அம்மா இருந்த லைட்டுத் துண்டுகளை அடுக்கத் தொடங்கினாள். வெகுநேரம் கழித்து அவரே எழுந்து சட்டையை எடுத்து, எங்களைப் போலவே கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார்.

"டார்க்குதான்" என்று குவியலில் வைத்தார்.

மறுநாள் விடியலில், சங்கு நேரத்துக்கு, அவர் எழுந்திருக்கவில்லை. விழித்திருந்தும், சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தார்.