வளைகாப்புப் படத்தில் காணாமல் போன முகம்

என் நாத்தனார் கலாவின் வளைகாப்பு கொரட்டூரில் எங்கள் வீட்டிலேயே நடந்தது. ராணுவத்தில் இருக்கும் அவள் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "போட்டோவாவது நல்லா எடுத்து அனுப்புங்கக்கா" என்று போனில் கேட்டிருந்தார்.

என் போனில் படம் மங்கலாக விழும் என்பதால், வீட்டிலிருந்த சின்ன டிஜிட்டல் கேமராவில் பிளாஷ் போட்டு, கலாவின் முகத்துக்குக் கிட்டவே நின்று எடுத்துத் தள்ளினேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு பார்த்தால், முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை!

"இன்னா அண்ணி, இதுல நான் எங்க கீறேன்?" என்றாள் கலா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரே ஒரு படம் மட்டும் தெளிவாக இருந்தது. அது சமையலறை வாசலிலிருந்து எடுத்தது. கிட்ட நின்று பிளாஷ் அடித்ததுதான் தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. கலாவை மறுபடி மணையில் உட்கார வைத்தோம். வந்திருந்த பெண்கள் கை கழுவிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பவும் சந்தனம் பூசினார்கள். நான் வாசல்வரை பின்வாங்கி, ஜூம் செய்து எடுத்தேன். வளையலின் பச்சைகூட அப்படியே விழுந்தது.

சாயங்காலம் நான் அனுப்பிய படங்களைப் பார்த்த கலாவின் கணவர், "கலாவுக்குக் கன்னம் பூசினாப்ல இருக்குக்கா!" என்று போனில் பூரித்துப்போனார்.

இப்போதெல்லாம் எந்த விசேஷத்திலும் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் அடுத்ததை எடுக்கிறேன்.