மாடு இடித்த தாடை

"பல்லுப் பிடுங்கப் படம் எடுப்பாங்களா மனே?"

இதைக் கேட்டபோது சின்னம்மாவின் இடக்கன்னம் வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. காய்ச்சலும் காய்ந்தது.

"எடுப்பாங்க சின்னம்மா. எக்ஸ்ரே எடுக்காம எந்தப் பல்லெண்டு எப்படிப் பாக்கிற?"

"அப்ப வேணாம்."

சின்னம்மாவின் பெயர் மங்கையற்கரசி, என் அம்மாவின் தங்கை. செட்டிபாளையத்தில் "வாய் கோணின மங்கை" என்றால்தான் ஆளைக் காட்டுவார்கள். இடக்கன்னத்தில் ஒரு தழும்பு, இடத் தாடை சரியாகத் திறக்காது. சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வலப்பக்கத்தால் தள்ளித்தான் சாப்பிடுவார். அந்தப் பக்கத்துக் காதும் கேட்காது. என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரு மாடு இருந்தது. கலியாணத்துக்கு முந்தி, படுவான்கரையில், வயல் வட்டைக்குள் அறுவடை நேரம் மாடு இடித்தது என்பார். ஆட்கள் கேட்கக் கேட்க அந்த மாடு வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் வெறும் மாடு. பிறகு அதற்குக் கூர்க்கொம்பு முளைத்தது. நான் கம்பசுக்குப் போன வருடம் அது வெள்ளை நாம்பன் காளையாகி, கயிற்றையும் அறுத்துக்கொண்டு வந்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கம்பஸ் வாசலை மிதித்தவன் நான். என் பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, சின்னம்மா வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அந்த நாம்பனை அன்றுவரை நானும் நம்பித்தான் இருந்தேன்.

சின்னம்மா எழும்பிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அது மாடில்ல மனே. நான் இயக்கத்தில இருந்தனான். சண்டையில பட்ட செல்லுத்துண்டு ரெண்டு இன்னும் தாடைக்குள்ள கிடக்கு. தோண்டினா நரம்பு போயிரும், கிடக்கட்டும் எண்டு அப்பவே விட்டுட்டாங்க."

இயக்கம் வடக்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிந்த சித்திரையில் பொறுப்பாளர்கள் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சின்னம்மா வந்தார், முடி வளர்த்தார், வினாயகமூர்த்திச் சித்தப்பாவைக் கட்டினார். இயக்கத்தில் இருந்தவர் என்று எங்கேயும் பதியவில்லை. யுத்தம் முடிந்து எல்லாரையும் பதியக் கூப்பிட்ட நேரத்திலும் போகவில்லை. கூட இருந்த பெண்ணொருத்தியின் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வந்து, பழைய படங்களை நீட்டி, இது யார், அது யார் என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். மறுபடியும் வந்தார்களாம்.

"பதிஞ்சவளயே விடுறானுகள் இல்ல. நான் ஒளிச்சவ. படத்தில இரும்பு வெள்ளையாத் தெரியும். ஆர் எவர் எண்டு கிண்டினா கம்சாயினிட கதி என்ன?"

மகள் கம்சாயினி தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுக்கும் மாட்டைத்தான் தெரியும். அங்கவீனருக்குக் கொடுக்கும் உதவிப்பணத்துக்கு எழுதிப் போடச் சொல்லி ஊர் விதானையார் எத்தனையோ தரம் சொல்லியும் சின்னம்மா போடாததன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. அதற்கு டொக்டரின் சேட்டிபிக்கற் வேண்டும். டொக்டர் மாட்டை நம்ப வேண்டும்.

மறுநாள் காலை தேநீர்க் கரண்டிகூட வாய்க்குள் போகவில்லை. சித்தப்பா ஓட்டோவைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டார்.

"நீயும் வா மனே. படிச்ச பொடியன் பக்கத்தில நிண்டா கொஞ்சம் மரியாதையாக் கதைப்பானுகள்," என்றார் சின்னம்மா.

பல் கிளினிக் நடையில் ஆட்கள் இருக்க ஒரே வாங்குதான். வாங்கின் ஒரு நுனியில் பொய்க்கால் போட்ட சிங்கள ஆள் ஒருவர் இருந்தார். காற்சட்டைக்குக் கீழே சப்பாத்துக்கு மேலே பிளாஸ்டிக் தெரிந்தது. கையில் ஒரு அடையாளக் காட், ஆமியில் காயப்பட்டு ஓய்வு பெற்றவர்களுக்குரியது. சின்னம்மா காலைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், வாங்கின் மறுநுனியில் போய் என் தோளுக்குப் பின்னால் ஒடுங்கினார். அந்த ஆளின் காயத்துக்கு ஒரு காட் இருந்தது. சின்னம்மாவின் காயத்துக்கு ஒரு மாடு.

கிளினிக் உதவியாளர் நபீஸா வெளியே வந்தார். மீன் சந்தைக்கே போதுமான குரல். நேரே சின்னம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, துண்டு இருக்கா?"

சின்னம்மாவின் விரல்கள் என் கையில் இறுகின. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திறந்துவிட்டார்.

"ஓம் மிஸ்... ரெண்டு இருக்கு."

"ரெண்டா? எனத்துக்கு ரெண்டு? எங்க, காட்டுங்க."

"உள்ள. தாடைக்குள்ள."

நடையில் இருந்த தலையெல்லாம் திரும்பின.

"அல்லாவே! நான் நம்பர்த் துண்டக் கேக்கன் கா! வாசல்ல தருவாங்களே, அந்தத் துண்டு!"

நான் அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து நம்பர்த் துண்டை எடுத்து நீட்டினேன். சின்னம்மாவுக்கு வேர்த்து ஊற்றியது. யாரும் கேட்காமலே, எல்லாருக்கும் கேட்கும்படி, "மாடு இடிச்சது. வெள்ளை மாடு" என்றார். ஒரு கிழவர் சிரித்தார். பொய்க்கால்காரர் சிரிக்கவில்லை. சின்னம்மாவின் கன்னத்துத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே என்னைக் கதவடியில் நிற்க விட்டார்கள். பல் டொக்டர் இளம் ஆள், தமிழர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். அரிசி மணி போல ஒன்று, அதைவிடப் பெரிதாக இன்னொன்று. வெள்ளை வெளேரென்று கிடந்தன. டொக்டர் படத்தைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார்.

"ம்," என்றார்.

"மாடு..." என்று சின்னம்மா தொடங்கினார்.

"சரியம்மா. ஏலுமான அளவு வாயத் திறங்க."

அழுகிய பல் வந்தது, சீழும் வந்தது. சின்னம்மா முனகவேயில்லை. பஞ்சைக் கடிக்கக் கொடுத்துவிட்டு டொக்டர் ஒரு சின்னக் கடதாசியில் கிறுக்கினார். "வெள்ளிக்கிழமை தாடைக்குரிய பெரிய டொக்டர் வாறார். இதக் கொண்டு வாங்க. உதவிப்பணத்துக்கு அவர்தான் சேட்டிபிக்கற் தருவார்."

வெளியே வந்ததும், "ஓட்டோவப் பிடி" என்று சின்னம்மா சைகை காட்டினார். ஓடாத குறையாகத்தான் வந்து ஏறினோம்.

கல்லடிப் பாலத்தில் ஓட்டோ ஏறும்போது பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று விடாமல் கோன் அடித்தது. நான் எட்டிப் பார்த்தேன். பொய்க்கால்காரர். ஒரு கையைத் தூக்கி ஆட்டியபடி கத்திக்கொண்டு வந்தார்.

"அக்கா! துண்டுவ! துண்டுவ!"

சின்னம்மா ஓட்டோக்காரரின் முதுகில் குத்தினார். பஞ்சுக்குள்ளால் வந்தது ஒரு சொல்தான்: "ஓடு!" ஓட்டோ பாலத்தால் இறங்கிப் பறந்தது. மோட்டார் சைக்கிளும் பறந்தது. நாவற்குடா தாண்டியதும் ஒரு பஸ் குறுக்கே நின்றது, ஓட்டோவும் நின்றுவிட்டது. சின்னம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். இவ்வளவு படித்தும் அந்த நேரத்தில் ஒரு சிங்களச் சொல்கூட என் நாக்கில் வரவில்லை.

அவர் பக்கத்தில் வந்து ஒற்றைக்காலை ஊன்றினார். கையில் இருந்தது டொக்டர் கிறுக்கிய கடதாசி; சிங்களத்தில் சீட்டைத்தான் 'துண்டுவ' என்பார்கள். நாங்கள் ஓடிவந்த அவசரத்தில் வாங்கடியில் விழுந்திருக்கிறது. நான் வாங்கிக்கொண்டேன். அவர் உடனே போகவில்லை. தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு பொய்க்காலில் டொக் டொக்கென்று தட்டி, தட்டுத்தடுமாறிய தமிழில் சொன்னார்.

"எனக்கும் மாடுதான் அக்கா. பெரிய மாடு."

சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

வீடு வந்ததும் சின்னம்மா கதவைச் சாத்திவிட்டுப் பஞ்சைத் துப்பினார்.

"அவனுக்கு விளங்கிட்டு."

"பகிடிக்குச் சொன்ன மனிசன் சின்னம்மா."

"முதல் பகிடி விட்டுப் போனவனும் மறுகா தேடி வந்திருக்கான் மனே. அதுசரி, அந்த டொக்டர் 'ம்' எண்டாரே, அது என்ன 'ம்'?"

எனக்கும் தெரியவில்லை. துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பெயரும் திகதியும்தான் என்றேன். நம்பாமல் வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தக் கிழமை முழுவதும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அடுப்படியை விட்டு வரவில்லை. கம்சாயினி காரணம் கேட்டபோது பல் வலி என்றார்.

வெள்ளிக்கிழமை சின்னம்மா வரமாட்டார் என்று எண்ணிக்கொண்டுதான் போனேன். சேலை உடுத்து, தழும்பை மறைக்க முடியை முன்னால் இழுத்துவிட்டு, துண்டைக் கையில் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். வீக்கம் வற்றியிருந்தது.

"அவனும் வருவானோ?"

"தெரியா. பெரிய டொக்டர் கேட்டா 'செல் விழுந்தது' எண்டு மட்டும் சொல்லுங்க சின்னம்மா. இந்த ஊரில செல் படாத ஆக்கள் ஆரு? ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டாங்க."

ஒரு காலை ஓட்டோவுக்குள் வைத்தபடி யோசித்தார்.

"வேணாம் மனே. செல்லெண்டா ஆர்ட செல், எந்த இடத்தில நிண்டனி எண்டு கேள்வி வரும்." மற்றக் காலையும் எடுத்து உள்ளே வைத்தார். "மாடு நிக்கட்டும். மாட்டுக்கு எந்தப் பக்கமும் இல்ல."