ஃபேர்பேங்க்ஸில் வீணான ஒரு படம்

வியாழக்கிழமை காலை 6.40-க்கு சான் ஹோசேயிலிருந்து விமானம். சியாட்டிலில் இறங்கி இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து மறுபடி ஏறினால், இன்னும் ஆயிரத்து ஐந்நூறு மைல் தள்ளி அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ். வடதுருவ ஒளியைப் படம் பிடிக்கப் போகிறோம் என்று குபெர்டினோவில் சொன்னபோது ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. "அங்க வெஜிடேரியன் கிடைக்குமா?" என்றுதான் கேட்டார்கள்.

படம் பிடிக்கப் போகிறவன் பழனிச்சாமி. கோபிச்செட்டிபாளையத்துக்காரன், எங்கள் அபார்ட்மெண்டில் மாடி வீடு, என்னைவிடப் பத்து வயது இளையவன். ஆறு வருஷமாக இந்த ஒளியைப் பற்றிப் படித்துக்கொண்டும், பர்மா பஜாரில் வாங்கிய கேமராவைத் துடைத்துக்கொண்டும் இருந்தான். போன நவம்பரில் டிக்கெட் வாங்கினான். நானூற்றுப் பன்னிரண்டு டாலர், ரத்து செய்தால் பணம் வராது. பிப்ரவரியில் அவன் கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. ஹெச்-1 விசாக்காரனுக்கு வேலை போனால் நாடும் போச்சு. இது 2001 மார்ச். அடுத்த சனிக்கிழமை அவன் குடும்பத்தோடு கோயமுத்தூர் திரும்புகிறான். கையில் இருந்தது மூன்று இரவுகள். நாலாவது இந்த ஜென்மத்தில் கிடையாது என்று அவனே சொன்னான்.

"கூட்டிட்டுப் போயிட்டு வாங்ணா. இங்க இருந்தா பெட்டி கட்டவே விடமாட்டாரு" என்றாள் அவன் மனைவி கோமதி. கேமரா முக்காலியைத் தூக்க ஓர் ஆளும் தேவைப்பட்டது. என் தகுதிக்குக் கொஞ்சம் மீறிய பொறுப்புதான், ஏற்றுக்கொண்டேன்.

பிற்பகல் 2.30-க்கு இறங்கினோம். வாடகைக் காரின் மூக்கிலிருந்து ஒரு மின்சார ஒயர் தொங்கியது. இரவில் காரை பிளக்கில் சொருகிவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் கிளம்பாது. மோட்டல் நாளுக்கு 59 டாலர். அதை நடத்தும் டோனா என்ற அம்மாள் என் குரங்குக் குல்லாவை வெகுநேரம் பார்த்தாள். கொடைக்கானலில் வாங்கியது, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும். அலாஸ்காவிலேயே அப்படி ஒன்று இல்லை என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

வியாழன் இரவு மேகம். வெள்ளி இரவு பனி கொட்டியது. பழனி அரை மணிக்கு ஒரு தரம் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்து படுத்தான். நான் என் ஜோக்குகளை நிறுத்திக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதன் தீவிரம் புரியும்.

சனிக்கிழமை பகலில் வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. மோட்டல் வாசலில் தட்பவெப்பப் பலகை: மைனஸ் பதினொன்று ஃபாரன்ஹீட். அதன் அடியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

"ரெண்டு ரோல்தானுங்ணா இருக்குது. ரோலுக்கு முப்பத்தாறு. அத்தனையும் வானத்துக்கு. மனுஷன் மூஞ்சிக்கு இதுல இடமே இல்ல."

அவன் நோட்டுப் புத்தகத்தில் முதல் ரோலுக்கு முப்பத்தாறு வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியும் ஒரு படம், எத்தனை நொடி என்று எழுதி வைத்திருந்தான். இரவுக்காக அவன் பகலில் தூங்கினான். ரோல் போட்டுத் தயாராக வைத்திருந்த கேமராவை எடுத்துக்கொண்டு நான் டோனாவிடம் போனேன். ஒரே ஒரு கிளிக். இதை எழுதும்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இரவு 10.15. நகரத்திலிருந்து இருபது மைல், கிளியரி சம்மிட் என்ற மேடு. மைனஸ் இருபத்திரண்டு. மூக்குக்குள் இருந்த முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விறைத்தது; அங்கே இத்தனை இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். முக்காலியில் கேமராவை மாட்டிய பழனி டார்ச் அடித்துப் பார்த்தான்.

"என்னுங்ணா இது, நம்பர் ரெண்டுல நிக்குது?"

"கேமரா பழசு, பழனி."

டார்ச் வெளிச்சம் மெதுவாக என் குல்லாவுக்கு ஏறியது.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றேன்.

அவன் திட்டவில்லை. நோட்டைத் திறந்து கடைசி வரியை அடித்தான். திட்டியிருக்கலாம்.

11.50-க்கு வடக்கே மலைக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். ஏதோ ஊர் விளக்கு என்று நினைத்தேன். அது பச்சையாகி, நீண்டு, மடிப்பு மடிப்பாக ஆட ஆரம்பித்தது. "எண்ணுங்ணா!" என்று கத்தினான். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் பதினைந்து நொடி திறந்திருக்க வேண்டும்; எண்ணுவது என் வேலை. லென்ஸ் பக்கம் மூச்சு விடக் கூடாது, விட்டால் அதன்மேலேயே உறைந்துவிடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எண்ணி, முப்பத்தைந்து தரம் பதினைந்து வரை போய் வந்தேன்.

ரோல் முடிந்தது. அந்த நிமிஷம்தான் வானம் வெடித்தது.

பழனி காருக்குப் பின்னால் காற்றுக்கு மறைவாகக் குந்தி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் விரலால் முடிந்த ஃபிலிமைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தான். அவசரப்படக் கூடாது, அந்தக் குளிரில் அது அப்பளம் மாதிரி ஒடிந்துவிடும். அடுத்த ரோலின் ஃபிலிம் நுனி கேமராச் சுருளின் பள்ளத்துக்குள் நுழைய மறுத்தது.

"பழனி, தலையைத் தூக்கு! மேல பாரு!"

"தூக்குனா நழுவிருமுங்ணா! ஒரே நிமிசம்!"

நாலு நிமிஷம் ஆனது. அவன் ஓடி வந்தபோது மலைமேல் வெளிறிய பச்சைத் திட்டு மட்டும் மிச்சம். அதையும் முப்பத்தாறு தரம் எடுத்தான். நான் எண்ணினேன்.

திரும்பும்போது கேட்டான்: "எப்படி இருந்துச்சுங்ணா?"

எந்த விஷயத்தைக் கொடுத்தாலும் தமிழ்ச் சங்க மலருக்கு நாலு பக்கம் எழுதித் தருகிறவன் நான். "இருந்துச்சு" என்றேன். அந்த ஒரு படம் மிச்சம் இருந்திருந்தால் அந்த வானம் அவனிடம் இருந்திருக்கும். கணக்கு இரண்டு பேருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மாலை, குபெர்டினோவில் ஃபிலிம் கழுவும் கடை. பழனி போட்டிருந்தது ஸ்லைடு ஃபிலிம்; கழுவிய பிறகு ஒவ்வொரு படமாக வெட்டிச் சட்டத்தில் பொருத்தித் தருவார்கள். கடைக்கார அம்மாள் இரண்டாவது ரோலை முதலில் எடுத்து வைத்து மன்னிப்புக் கேட்டாள். எல்லாம் ஒரே கறுப்பாம். ஒரு படம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் உத்தேசமாக வெட்டினாளாம். துண்டுக்குத் துண்டு ஒளி நடுவில் அறுந்திருந்தது. பழனி ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு அதே வரிசையில் திரும்ப வைத்தான்.

பிறகு முதல் ரோலின் உறையை நீட்டினாள். கனமாக இருந்தது. முப்பத்தைந்து பச்சைத் திரைகள், முழுசாக, ஓரம் பிசகாமல்.

"இது மட்டும் எப்படிச் சரியா வெட்டினீங்க?" என்று பழனி ஆங்கிலத்தில் கேட்டான்.

அவள் அடியிலிருந்து ஒரு படத்தை உருவினாள். பட்டப்பகல், தட்பவெப்பப் பலகை, குரங்குக் குல்லா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நான். இந்த ஆள் இருக்கும் படத்தின் ஓரத்தை வைத்துத்தான் மற்றதையெல்லாம் அளந்து வெட்டினாளாம். இரவில் படம் எடுக்கிறவர்கள் முதல் படத்தைப் பகலில் இதற்காகவே வீணடிப்பார்களே, தெரியாதா என்றாள். ஆறு வருஷம் படித்தவனுக்குத் தெரியவில்லை.

பழனி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தான்.

"மொத்த ரோல்லயும் ஃபோகஸ் இல்லாதது இது ஒண்ணுதானுங்ணா" என்றான். சனிக்கிழமை இரவுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தான்.

சனிக்கிழமை அவர்களை சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். 280 ஃப்ரீவேயில் முப்பது மைல். எட்டுப் பெட்டிகள், ஆனால் அந்த முப்பத்தைந்தும் அவன் கைப்பையில். என் மூஞ்சியை என்னிடம் கொடுத்துவிட்டான். கேட்டில் கோமதி முன்னால் போன பிறகு மெதுவாகக் கேட்டான்:

"அந்த நாலு நிமிசம், நெசமா எப்படி இருந்துச்சுங்ணா?"

ஒரு வாரமாக நல்ல வாக்கியம் ஒன்றைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். "சுமார்தான், பழனி. நீ எடுத்ததுதான் ஒசத்தி" என்றேன்.

"உங்களுக்குப் பொய் சொல்லவே தெரியலீங்ணா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

ஒன்பது மணிக்கு வீடு திரும்பிக் காரை நிறுத்தினேன். இங்கே காருக்கு பிளக் வேண்டாம். மாடியில் விளக்கு இல்லை. அண்ணாந்து பார்த்தேன். குபெர்டினோ வானத்தில் மொத்தம் ஏழு நட்சத்திரம் தேறியது. எட்டாவது நகர்ந்தது; ஏதோ விமானம். பதினைந்து எண்ணுவதற்குள் மறைந்துவிட்டது.